கடற்கரைக்குக் காரா, ரயிலா?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போனில் பாதியில் நின்றுபோன பேச்சை இதில் முடித்துவிடுகிறேன். இந்தக் கோடையில் லீவு கிடைக்கிறபோதெல்லாம் பாப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாய். அதற்கு வாடகைக்குக் கார் எடுப்பதா, ரயில், பஸ்ஸிலேயே போய்வருவதா என்று கேட்டாய். மாப்பிள்ளை கார் பக்கம், நீ இரண்டும் கெட்டான். என்னைக் கேட்டால், ஊருக்குள்ளேயே இருக்கிற கடற்கரைக்கு ரயிலில் போங்கள். காரை வேறு சில நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

காரில் ஐம்பது நிமிடம், ரயிலில் ஒன்றரை மணி நேரம் என்று மாப்பிள்ளை மேப்பில் பார்த்துச் சொன்னார். அந்த ஐம்பது நிமிடம் உங்கள் வாசலில் ஏற்கனவே நிற்கிற காருக்கு உண்டான கணக்கு. வாடகைக் கார் வாசலில் நிற்காது. முதலில் அதை எடுக்க வாடகைக் கார் ஆபீசுக்குப் போக வேண்டும். விடுமுறை நாளில் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். லைசென்ஸ், கிரெடிட் கார்டு, கையெழுத்து எல்லாம் முடிந்து சாவி கைக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். அப்புறம் வீட்டுக்கு வந்து பாப்பா உட்காருகிற குழந்தை சீட்டைக் காரில் பொருத்த வேண்டும். அதைப் பொருத்தித் தருவது வாடகைக்காரர்கள் வேலை இல்லை, பெரும்பாலும் நாமேதான் மாட்டிக்கொள்ள வேண்டும். கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தால் பார்க்கிங் தேடி ஒரு சுற்று. நல்ல வெயில் நாளில் கடலை ஒட்டிய பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும். கடைசியில் எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டுக் குடையும் பையும் குழந்தையுமாக நடக்கிற தூரம், ரயிலடியிலிருந்து நடப்பதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து மணலில் துண்டை விரிக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம் என்று இரண்டுக்கும் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது.

திரும்பி வருவதுதான் இன்னும் பெரிய விஷயம். போகும்போது எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். சாயங்காலம் உப்பும் மணலும் ஒட்டிய உடம்போடு, தூக்கத்துக்கு அழுகிற குழந்தையோடு, ஊரே ஒரே சாலையில் திரும்பும். அப்போது கார் ஓட்டுகிறவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார். நாள் முழுக்க வெயிலில் இருந்தால் உடம்பில் நீர் குறையும், நீந்தியதில் கையும் காலும் ஓயும், உட்கார்ந்ததும் கண்ணைச் சொக்கும். அந்தக் காலத்தில் உங்கள் அப்பா ஓட்டிக்கொண்டு வருவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கண் மூடாமல் இருக்க வேண்டுமே என்று எதையாவது பேசிக்கொண்டே வருவேன். பின் சீட்டில் நீயும் உன் அண்ணனும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவீர்கள். அவர் ஒரு வார்த்தை அலுத்துக்கொண்டதில்லை. ஆனால் அந்த நாளில் ஓய்வு என்று ஒன்று அவருக்குக் கிடைக்கவே இல்லை. மாப்பிள்ளை வாரம் பூராவும் வேலைக்கு ஓடுகிறார். கிடைக்கிற ஒரு நாளில் அவர் தண்ணீரில் கால் நனைக்கும்போதே சாயங்கால டிராஃபிக்கை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. எனக்கு இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ரயிலில் அந்தக் கவலை இல்லை. பாப்பா மடியில் தூங்கலாம், நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணை மூடலாம். ஒருநாள் கடற்கரைப் பயணம் என்கிற பழக்கத்தையே ரயில்தானே உண்டாக்கியது! 1841-இல் லண்டனிலிருந்து கடலோர ஊரான பிரைட்டனுக்கு ரயில் பாதை திறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சாதாரண ஜனங்களும் காலையில் போய்க் கடலைப் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்ப முடிந்தது. நியூயார்க்கில் கோனி ஐலண்டுக்கு 1920-இல் சப்வே ரயில் வந்ததும் அந்தக் கடற்கரை கூட்டத்தால் நிறைந்தது. இன்றைக்கும் அங்கே கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் கடல். பார்சிலோனாவில் பார்சிலோனெட்டா கடற்கரைக்குப் போக அதே பெயரில் மெட்ரோ ஸ்டேஷனே இருக்கிறது. எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சிட்னியில் போண்டாய் கடற்கரைக்கு ரயில் கிடையாது, போண்டாய் ஜங்ஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அதே ஊரில் மேன்லி கடற்கரைக்கு சர்க்குலர் கீ படகுத்துறையிலிருந்து படகில் போகலாம், அந்தப் படகுப் பயணத்துக்காகவே போகிறவர்கள் உண்டு. உங்கள் கடற்கரை இதில் எந்த வகை என்று பார். ஒரே ரயில், அல்லது ஒரு ரயில் ஒரு பஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம். மூன்று வண்டி மாற வேண்டும் என்றால் மட்டும் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

ரயிலில் போவதற்கும் முன்யோசனை வேண்டும். வாரநாள் டைம்டேபிளைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதே. விடுமுறை நாட்களில் வண்டிகள் குறைவாக ஓடும், தண்டவாளப் பராமரிப்பு வேலைகளையும் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் வைப்பார்கள். அன்றைக்கு ரயிலுக்குப் பதில் பஸ் விட்டால் உங்கள் ஒன்றரை மணி நேரம் எங்கேயோ போய்விடும். முந்தின நாள் ராத்திரியே பார்த்துக்கொள். கடைசி வண்டியை நம்பாதே, அதற்கு முந்தின வண்டிதான் உங்களுடைய கடைசி வண்டி என்று வைத்துக்கொள். கூட்டம் கிளம்புகிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். பல ஊர்களில் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் கட்டணம் பிடிக்க மாட்டோம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், நாள் முழுவதற்குமான பாஸும் உண்டு, சின்னக் குழந்தைக்கு டிக்கெட்டே தேவைப்படாது. உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டுக்கொள்.

சாமான்தான் ரயிலில் போவதற்கு உண்மையான தடை. அதையும் குறைக்கலாம். பெரிய குடையை விட்டுவிட்டு மடக்குகிற சின்னக் கூடாரம், ஆளுக்கு ஒரு மெல்லிய துண்டு, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, அவ்வளவுதான். இரண்டு கையும் காலியாக இருக்கும்படி முதுகுப்பையில் வைத்துக்கொள். பாப்பாவின் தள்ளுவண்டி மணலில் உருளாது, முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். பின்னால் திருப்பி இழுத்துக்கொண்டு போ, அப்போதுதான் நகரும். ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை தனியாக வை. ஏறுவதற்கு முன் குழந்தையின் காலில் கொஞ்சம் பவுடர் தூவித் துடைத்தால் மணல் உதிர்ந்துவிடும்.

சரி, கார் எப்போது? உன் மாமியார் வருகிற மாதம். அவர்கள் முழங்காலை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறி இறங்கச் சொல்லக் கூடாது. அன்றைக்குக் கார்தான், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. அப்புறம், ஊரை விட்டுத் தள்ளி, பஸ்ஸும் போகாத அமைதியான கரைக்குப் போக ஆசைப்பட்டால் எடுங்கள். இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போவதென்றால், தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் பெரிய கார் கட்டுப்படியாகும். அப்படி எடுக்கிற நாளில் ஒரு கடற்கரையோடு நிற்காமல், கரையோரமாகவே இரண்டு மூன்று இடம் பார்த்துவிட்டு வாருங்கள். கார் எடுத்ததற்கு அதுதான் லாபம்.

எடுக்கிற நாளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சாவியை வாங்கின கையோடு காரைச் சுற்றி வந்து போட்டோ எடு. நான்கு பக்கமும், நான்கு சக்கரத்தின் விளிம்பும், கண்ணாடியும், கூரையும், கூடவே பெட்ரோல் முள்ளும் கிலோமீட்டரும். பம்பருக்கு அடியில் குனிந்து பார், கீறல் ஒளிந்திருப்பது அங்கேதான். நாங்கள் ஒரு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, சக்கர விளிம்பில் கீறல் என்று சொல்லிப் பணம் கேட்டுக் கடிதம் வந்தது. எடுத்த அன்றைக்கே அந்தக் கீறல் இருந்ததை உன் அப்பா போட்டோவில் காட்டினார். அதோடு விட்டுவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மாதிரி எடுத்து வை.

இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதே. முதலில் இவ்வளவு தொகை வரை உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள். டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பல ஒப்பந்தங்களில் சேராது. மணலிலோ மண் பாதையிலோ ஓட்டினால் மொத்தமுமே செல்லாமல் போகலாம், கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய ஆபத்து. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டக் கூடாது. அதனால் நீயும் ஓட்டுவதாக இருந்தால் உன் பெயரையும் சேர். கிரெடிட் கார்டில் டெபாசிட் என்று ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது திரும்பி வரச் சில நாட்கள் ஆகும், மாதக் கடைசியில் கையைக் கடிக்காமல் பார்த்துக்கொள். காரைத் திருப்பிக் கொடுக்கிற ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடும் என்று கேள். ஞாயிறு சாயங்காலம் சீக்கிரம் மூடிவிட்டால், கடலில் சந்தோஷமாக இருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடி வர வேண்டியிருக்கும்.

கார் சாவியைக் கடலுக்குள் கொண்டுபோகாதே. இப்போதைய சாவிகளுக்குள் மின்னணு இருக்கிறது, உப்புத் தண்ணீர் பட்டால் வேலை செய்யாமல் போகலாம். ஒருவர் கரையிலேயே உட்கார்ந்து சாவியைக் காக்க வேண்டும், அதுவும் காரின் செலவுதான்.

இன்னொன்று, இதைப் படித்ததும் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. வெயிலில் மூடி நிற்கிற காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிதாகக் குறையாது. தூங்குகிற குழந்தையை எழுப்ப மனசில்லாமல் ஒரு நிமிடம்கூட உள்ளே விட்டுவிட்டுப் போகக் கூடாது. திரும்பும்போது முதலில் நான்கு கதவையும் திறந்து வைத்துவிட்டு, சீட் பெல்ட்டின் இரும்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பாப்பாவை உட்கார வைக்க வேண்டும்.

எதில் போனாலும் கடலின் நேரத்தையும் பார்த்துக் கிளம்புங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும், நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். ஏற்றத்தில் சில கடற்கரைகளில் உட்கார மணலே இருக்காது. சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி நட்டிருந்தால் அந்த இரண்டு கொடிக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும், காவலர்கள் பார்த்துக்கொள்கிற இடம் அது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், மாப்பிள்ளையிடமும் ஒரு தடவை சொல்லி வை.

முதல் தடவை ரயிலில் போய்ப் பார். கிளம்புகிறதற்கு முந்தின ராத்திரி, திரும்புகிற வண்டி எத்தனை மணிக்கு என்று எனக்கு ஒரு மெசேஜ் போடு. மாமியார் வருகிற தேதி முடிவானதும் காரை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், கோடையில் கடைசி நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
அம்மா