பிட்காயினை எழுதியவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையவழி மின்னணு நாணயமான பிட்காயின் பற்றிய செய்திகள் பெரும்பாலும் அதன் விலையோடு நின்றுவிடுகின்றன. என்னிடம் கணினி பயிலும் பாளையங்கோட்டை மாணவர்களும் விலையை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதை இயக்கும் மென்பொருளை வளர்த்தெடுத்த தொடக்கக் குழுவை அறியமாட்டார்கள்.

சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் இயங்கியவர் 2009 ஜனவரியில் அந்த மென்பொருளை வெளியிட்டார். முதல் பரிமாற்றத்தில் 10 பிட்காயின் பெற்ற நிரலாளர் ஹால் ஃபின்னி, அதை இயக்கிப் பார்த்துப் பிழைகளைத் தெரிவித்தார். 2010 ஆகஸ்ட் 15 அன்று, தொகைகளைக் கூட்டும்போது நிரல் கையாளக்கூடிய எண் வரம்பு மீறுகிறதா என்று சரிபார்க்கத் தவறிய ஒரு குறையால், மொத்தமே 2.1 கோடி என வரையறுக்கப்பட்ட நாணயத்தில் 18,400 கோடிக்கும் மேல் ஒரே பரிமாற்றத்தில் உருவாகிவிட்டது. ஜெஃப் கார்ஸிக் என்ற நிரலாளர் அதைக் கவனித்துச் சொன்னார். சில மணி நேரத்திலேயே திருத்தம் வெளியானது. மூல நிரல், அதாவது மென்பொருளின் கட்டளைத் தொகுப்பு, எவர் பார்வைக்கும் திறந்திருந்தது என்பதே இதில் முக்கியம். எனக்கு வியப்பளிப்பதும் அதுவே.

‘புதிய நாணயம்’ என்று சொல்லி நெல்லையில் வீடு தேடி வந்து பணம் கேட்பவர்களிடம், நிரலை எழுதியவர் யார், அதை எங்கே பார்க்கலாம் என்று கேட்கும் துணிவு நம் மக்களுக்கு வர வேண்டும். அதற்கு உதவியாக, இந்த வரலாற்றைத் தங்கள் மாணவர் பகுதியில் தொடராக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கணினிப் பயிற்றுநர்,
பாளையங்கோட்டை.