ஒரு துண்டுச்சீட்டாவது கொடுக்கச் சொல்லுங்கள்: தேசிய மருத்துவ ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். புதிதாக வரும் நோயாளியைச் சேர்க்க மறுக்கும் டாக்டர், அதற்கான காரணத்தை ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்து வந்துவிடுவோம். அதுவரை பார்த்த டாக்டர் பெங்களூரிலேயே இருந்துவிடுவார். எட்டாம் மாதத்தில் இங்கே அவள் புது நோயாளி. என் தங்கையும் அப்படித்தான் வந்தாள், கையில் ஸ்கேன் ஃபைலும் கொஞ்சம் ஏறியிருந்த ரத்த அழுத்தமுமாக.

முதல் நர்சிங் ஹோமில், "ஆரம்பத்திலிருந்து இங்கே காட்டாத கேஸை மேடம் எடுப்பதில்லை" என்றார்கள். சரி, ஒளிவுமறைவில்லாத பதில். இரண்டாவது இடத்தில் டோக்கன் போட்டு, பிரஷர் பார்த்து, ஃபைலைப் புரட்டிவிட்டு, படுக்கை இல்லை என்றார்கள். பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது! அரசு மருத்துவமனையில்தான் சேர்த்துக்கொண்டார்கள். தாயும் பிள்ளையும் நலம்.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பாதியில் வந்த கேஸில் ஏதாவது ஆகிவிட்டால் சொந்தக்காரர்கள் கண்ணாடியை உடைப்பது பெங்களூரில் அல்ல, இங்கேதான்.

மருத்துவர்களின் நடத்தை பற்றி நீங்கள் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிகளை அதே மாதம் நிறுத்தி வைத்தீர்கள். அதனால் பழைய 2002 நன்னடத்தை விதிகளே தொடர்ந்தன. அதன் இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தேன். தன்னிஷ்டத்துக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது, தன் அனுபவத்துக்கு மிஞ்சிய நோயென்றால் வேறு மருத்துவரிடம் அனுப்பலாம் என்கிறது விதி 2.1. யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்பது மருத்துவரின் விருப்பம், அவசர நிலையில் மட்டும் உதவியாக வேண்டும் என்கிறது விதி 2.4. இரண்டில் எது பெரியது? மறுப்பவர் காரணம் எழுதத் தேவையில்லாதவரை 2.4தான் ஜெயிக்கும்.

உயிர் போகிற அவசரத்தில் உடனே சிகிச்சை தந்தாக வேண்டும் என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிகிச்சை மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அவர்களிடமும் "படுக்கை இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் எதைக் காட்டி வழக்குப் போடுவது? சர்க்கரை, பழைய சிசேரியன், டயாலிசிஸ் என்று வருகிறவர்களுக்கோ அப்படித் தனிச் சட்டம்கூட இல்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் புதிய நோயாளிகளை வந்த வரிசைப்படி எடுக்க வேண்டும், முன்கூட்டிக் கேள்வி கேட்டுச் சிக்கலானவர்களை வடிகட்டக் கூடாது என்று மருத்துவர்களுக்கான ஒழுங்காற்று அமைப்பே கொள்கை வைத்திருக்கிறது. அங்கே பெரும்பாலும் அரசுக் காப்பீடு பணம் கட்டுகிறது. கைக்காசு போட்டு நர்சிங் ஹோம் கட்டிய நம்மூர் டாக்டரிடம் அதை அப்படியே கேட்க முடியாது. நானும் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒரு சீட்டு. மறுக்கட்டும். ஆனால் ஏன் மறுத்தார், அன்றைக்குப் பிரஷர் எவ்வளவு, அடுத்து எங்கே போக வேண்டும், இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் போதும். அடுத்த டாக்டருக்கும் அது உதவும். என் தங்கைக்கு ஒரே நாளில் மூன்று முறை பிரஷர் பார்த்தார்கள், முதல் இரண்டையும் யாரும் எழுதித் தரவில்லை.

சேர்த்துக்கொண்ட நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று அதே 2002 விதிகளில் இருக்கிறது. வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் அங்கேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்