முதலாண்டு நிறைவில் ஒரு நன்றி மடல்

இயற்பியல் துறைப் பேராசிரியர்களுக்கும், ஆய்வக உதவியாளருக்கும், நூலகருக்கும், மூத்த மாணவியருக்கும், என் அறைத் தோழிக்கும் வணக்கம்.

கல்லூரியில் எனது முதலாண்டு இந்த வாரத்துடன் நிறைவடைகிறது. தேர்வு முடிவுகள் வருவதற்கு முன்பே இம்மடலை எழுதுகிறேன். ஏனெனில் நான் நன்றி சொல்ல வேண்டியவை மதிப்பெண்களைச் சார்ந்தவை அல்ல. பள்ளிக்காலம் முழுவதும், செய்தது சரிதானா என்று அறிய யாரேனும் ஒருவரின் முகத்தைப் பார்ப்பதே என் வழக்கமாக இருந்தது. அதை நானே சரிபார்த்துக்கொள்ளும் வழிகளை இந்த ஓராண்டில் நீங்கள்தான் கற்றுத்தந்தீர்கள்.

முதலில் ஆய்வக உதவியாளர் ஐயாவுக்கு. ஒரு மீட்டர் நீளமுள்ள தனி ஊசல், அதாவது நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு, ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும்; இப்படி ஒருமுறை போய்வருவதே ஓர் அலைவு. 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து 20ஆல் வகுத்தால், கடிகாரத்தை அழுத்தும் விரல் முந்துவதாலும் பிந்துவதாலும் நேரும் பிழை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதைப் பாடநூல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். ஐயாவோ எங்கள் மேசையருகே நின்று, ஊசல் நடுநிலையைக் கடக்கும் கணத்தில் கடிகாரத்தை அழுத்தச் சொல்லி, 'ஒன்று' என்று தொடங்காமல் 'சுழியம்' என்று எண்ணவைத்தார். ஒன்றில் தொடங்கினால் இருபது என்று வாய் சொல்லும்போது பத்தொன்பது அலைவுகளே முடிந்திருக்கும். ஓரத்தில் ஊசல் தயங்கித் திரும்புவதால் அது எப்போது திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது என்பதையும், நடுவில் அது மிக விரைவாகச் செல்வதால் கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும் என்பதையும் விரலால் காட்டி விளக்கினார். அந்த நேரத்திலிருந்து கணக்கிட்ட புவியீர்ப்பு முடுக்கம், பாடநூல் தரும் 9.8 மீ/வி² என்ற மதிப்பிலிருந்து சற்று விலகி வந்தபோது, பக்கத்து மேசையில் ஒருவர் அளவீட்டைத் திருத்த முனைந்தார். "விடைக்கு ஏற்றபடி அளவை வளைப்பதற்கு ஆய்வகம் எதற்கம்மா?" என்று கேட்டுவிட்டு ஐயா நகர்ந்துவிட்டார். அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

சந்தேகத்துடன் வந்தவரிடம் விடையைச் சொல்லாமல், "இதுவரை எப்படி வந்தாய், சொல்" என்று கேட்ட பேராசிரியருக்கு அடுத்த நன்றி. தொடக்கத்தில் எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு படியையும் வாய்விட்டு விளக்கும்போது, எந்த இடத்தில் காரணமின்றித் தாவியிருக்கிறேன் என்பது பெரும்பாலும் எனக்கே புலப்பட்டுவிடும். அவர் தலையசைப்பதற்குக்கூட வேலை இருக்காது.

புத்தகத்தை மூடிவைத்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்க்கப் பழக்கிய மூத்த மாணவி அக்காவுக்கும் நன்றி. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தியிருந்தனர் என்றும், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டனர் என்றும் பின்னர் படித்தேன். அக்கா அந்த ஆய்வை அறிந்து சொல்லவில்லை. தேர்வுக்கு முன்னிரவில் தெரிந்ததாகத் தோன்றியதெல்லாம் மறுநாள் கைவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டது அது.

நூல் எங்கே என்று கேட்டால் எடுத்துத் தராமல், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் 510 கணிதம், 530 இயற்பியல் என்று அடுக்குகளைப் படிக்கக் கற்றுத்தந்தார் நூலகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்று. அன்று எனக்குச் செலவான நேரம், இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மிச்சமாகப்போகிறது.

அறைத் தோழிக்கு நீளமாக எழுதினால் பிடிக்காது. வீட்டு நினைவில் நான் பேசாதிருந்த மாலைகளில் எதுவும் கேட்காமல் அருகில் அமர்ந்து தன் பாடத்தைப் படித்தாளே, அதற்கு நன்றி.

பெயர்களை எழுத வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

நன்றியுடன்,
முதலாண்டு இயற்பியல் மாணவி