செஸ்நட்டுக்கு ஐப்பசி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 22, 23 வாக்கில் வரும் இலையுதிர்காலச் சம இரவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், பழமும் கொட்டையும் பொறுக்கி வந்து சமைக்க ஆசைப்படும் இங்கிலாந்துத் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். நல்ல ஆசைதான். ஆனால் அந்த வாரத்தில் நம்பி எடுக்கக்கூடியவை பிளாக்பெரி, எல்டர்பெரி, ஹேசல் கொட்டை என்ற மூன்றுதான். எல்லோரும் தேடிப் போகும், சுட்டுத் தின்னும் செஸ்நட் கொட்டை அப்போது பழுத்திருக்காது. தரையில் பளபளவென்று கிடப்பது பெரும்பாலும் வேறு கொட்டை.

பிளாக்பெரியில் கொத்தின் நுனிப் பழம்தான் முதலில் பழுக்கும், இனிப்பும் அதில்தான் அதிகம். செப்டம்பர் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் விதை மிகுந்த சின்னப் பழம். செப்டம்பர் 29ஆம் தேதி மைக்கேல்மஸ் திருநாளுக்குப் பிறகு சாத்தான் அதில் துப்பிவிடுவான் என்று இந்த ஊர்ப் பழையவர்கள் சொல்வார்கள். பேச்சில் பொருள் இருக்கிறது: ஈரமும் குளிரும் ஏற ஏறப் பழம் நீர்த்துப் பூஞ்சணம் பிடிக்கிறது, ஈ மொய்க்கிறது. தொட்டதும் கையோடு வருவதைப் பறியுங்கள். இழுத்தால்தான் வரும் என்றால் விட்டுவிடுங்கள். நடைபாதை ஓரத்தில் முழங்காலுக்குக் கீழே உள்ளது நாய்களுக்குரிய இடம்.

எல்டர்பெரியைப் பச்சையாக யாரும் வாயில் போடக்கூடாது. பச்சைப் பழத்திலும் காம்பிலும் வாந்தியெடுக்க வைக்கும் நச்சு உண்டு. கொத்து முழுதும் கறுத்துத் தலைகீழாகத் தொங்கும்போது வெட்டி, முள்கரண்டியால் வாரினால் பழம் உதிரும். பச்சைக் காயையும் செந்நிறக் காம்பையும் பொறுக்கி எறியுங்கள். ஒரு கிலோ பழத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டு 20 நிமிடம் கொதிக்கவைத்து, துணியில் வடியுங்கள். அரை லிட்டர் சாற்றுக்கு 400 கிராம் சீனி, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, நாலு கிராம்பு சேர்த்து இன்னும் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, சூடாகவே சுத்தமான போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

ஹேசலில் போட்டி அணிலோடுதான். ஓடு பழுப்பாகி, உறையிலிருந்து தானாகக் கழன்றால் முற்றியது. வீட்டில் ஒரே அடுக்காகப் பரப்பிக் காற்றோட்டத்தில் இரண்டு, மூன்று வாரம் உலர்த்துங்கள். குவித்து வைத்தால் அடியில் இருப்பது பூஞ்சணம் பிடிக்கும்.

காளானைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். ஓக், பீச் மரங்களின் கீழ் இதே பருவத்தில் முளைக்கும் டெத் கேப் என்ற கொல்லிக் காளான், முட்டைப் பருவத்தில் நம்மவர் அறிந்த வைக்கோல் காளான் போலவே இருக்கும். இரண்டுக்கும் அடியில் பை உண்டு. வளர்ந்தபின் வைக்கோல் காளானின் குடைக்கு அடியில் உள்ள மடல் இளஞ்சிவப்பாகும், கொல்லியினுடையது வெள்ளையாகவே நிற்கும். ஆனால் மொட்டைப் பறிப்பவருக்கு அந்த வேறுபாடு உதவாது. எவ்வளவு வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வாந்தியும் பேதியும் தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பிறகு ஒரு நாள் தேறியதுபோலத் தோன்றும். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். தவறிச் சாப்பிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல், மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தானாக வளரும் செடியின் பழத்தை விற்பனைக்கு அல்லாமல் வீட்டுக்குப் பறிப்பது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி களவு ஆகாது. வேரோடு பிடுங்குவதற்கு நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். ஆனால் இடத்துக்கென்று தனி விதிகளும் உண்டு: ரிச்மண்ட் போன்ற அரச பூங்காக்களில் எதையும் பறிக்கக்கூடாது, எப்பிங் காட்டில் காளான் எடுத்தவர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். வாசல் பலகையை வாசித்துவிட்டு உள்ளே போங்கள். நீளக் கால்சட்டை போட்டு, அதன் அடியைக் காலுறைக்குள் செருகுங்கள். வீடு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுப் பின்புறம் ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்கவேண்டாம்.

இனி செஸ்நட். செப்டம்பரில் கொட்டுவது கொங்கர், பிள்ளைகள் கயிறு கோத்து விளையாடும் கொட்டை. அது உணவல்ல, நஞ்சு. அதன் இலை கைவிரல் விரித்தாற்போல ஐந்து முதல் ஏழு பிரிவாக இருக்கும். கொட்டையை மூடிய தோட்டில் குட்டையான முள் சில, உள்ளே பெரும்பாலும் ஒரே உருண்டைக் கொட்டை, நுனி மழுங்கல். செஸ்நட்டின் இலை ஒற்றை, நீளம், ஓரம் வாள்பல். தோடு முள்ளெலி போல நெருங்கிய ஊசிகளால் மூடியிருக்கும். உள்ளே இரண்டு, மூன்று கொட்டைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு குஞ்சம். நுனியில் குஞ்சம் இல்லாத கொட்டையைப் பையில் போடாதீர்கள்.

கென்ட் பக்கத்துக் காடுகளில் நல்ல செஸ்நட் விழுவது அக்டோபர் நடுவிலிருந்து. முன்கூட்டி விழுவது தட்டை, உள்ளே பருப்பு இராது. நம் நாட்காட்டியில் சம இரவைக் குறித்த பழைய நாள், ஐப்பசி முதல் நாளான ஐப்பசி விசு. பஞ்சாங்கம் விண்மீனை வைத்துக் கணக்கிடுவதால், சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாளாக விலகி, இன்று அது அக்டோபர் 17, 18இல் வருகிறது. வானத்துச் சம இரவைத் தவறவிட்ட அந்த நாள் செஸ்நட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. காட்டுக்குப் போக ஒரே நாள்தான் வாய்க்கும் என்றால், செஸ்நட் வேண்டியவர்கள் ஐப்பசி விசுவை வைத்துக்கொள்ளலாம்.

கொண்டுவந்ததைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை எறியுங்கள், அது புழுவோ வெறுங்கூடோ. செஸ்நட்டில் எண்ணெய் மிகக் குறைவு, தண்ணீரும் மாவுமே அதிகம். வெளியில் வைத்தால் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். மேல்தோலில் குறுக்காக ஆழமாகக் கீறி 200 பாகை செல்சியஸ் சூட்டில் 25 நிமிடம் சுடுங்கள். கீறாமல் வைத்தால் ஆவி முட்டி வெடிக்கும். எடுத்ததும் துணியில் பத்து நிமிடம் பொதிந்து வைத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே உரித்துவிடுங்கள். ஆறினால் உள்தோல் பருப்போடு ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
கென்ட்