நிக்கோடெமஸ் ஊர் வரலாற்று நூல்: இன்னும் 1,450 டாலர் தேவை

அன்புடையீர், வணக்கம்.

கான்சாஸில் வாழும் நம் குடும்பங்கள் சேர்ந்து தமிழில் கொண்டுவரும் நிக்கோடெமஸ் வரலாற்று நூல் அச்சுக்குத் தயார். ஜூன் 20க்குள் முழுப் பணமும் கட்டினால்தான், ஜூலை கடைசி வார இறுதியில் அந்த ஊரார் கூடும் விழாவுக்குப் புத்தகம் கிடைக்கும் என்று அச்சகத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சாலமன் ஆற்றங்கரையில், கிரேஹாம் கவுண்டியில் இருக்கிறது இந்தச் சிற்றூர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், சொந்த நிலம் வேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தில் கென்டக்கியிலிருந்து புறப்பட்டு 1877ல் குடியேறிய ஊர். எல்லிஸ் என்ற ஊர் வரைதான் ரயில். அங்கிருந்து ஏறக்குறைய 35 மைல் பொட்டல்வெளி. 1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் அம்மையாரின் கூட்டத்தில் எல்லிஸிலேயே தட்டம்மை கண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் துக்கத்தோடு குதிரை வண்டியில் வந்து சேர்ந்தவர், ஊர் எங்கே என்று கேட்கிறார். கணவர் தரையிலிருந்து எழும் புகையைக் காட்டுகிறார். மண்ணைக் குடைந்த குழிகளே வீடுகள்! அம்மையார் அழுதுவிட்டார். ஆனால் திரும்பிப் போகவில்லை.

முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து, முதலில் குடியேறியவர்களின் பசியாற்றினார்கள். கடவுள் மனித உருவில் வருவார் என்பார்களே, அது இதுதான். பள்ளிக்கூடம், தேவாலயங்கள், தபால் நிலையம், விடுதி என ஊர் நிமிர்ந்தது. ரயில் பாதை வர வேண்டுமென்று 1887ல் 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஊரே வாக்களித்தது. ரயில் வரவில்லை, 1888ல் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. கடைகளும் அங்கே பெயர்ந்தன. தபால் நிலையத்தை 1953ல் மூடினார்கள். 1996ல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊருக்கு, வெளியூர்களில் வாழும் வாரிசுகள் இன்றும் ஆண்டுதோறும் ஜூலையில் வந்து கூடுகிறார்கள். நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள், தாங்கள் பிறந்த மாநிலத்தின் இந்தக் கதையைத் தாய்மொழியில் படித்து, அந்த மண்ணை நேரில் மிதிக்க வேண்டும்.

அச்சுச் செலவு 2,400 டாலர். பிள்ளைகளுக்கான பேருந்து 1,700. மொத்தம் 4,100. கையிலிருப்பது 2,650.

இதுவரை தந்தவர்களை மறக்க மாட்டோம். பொங்கல் விழாவில் இரவெல்லாம் கண்விழித்து வடை சுட்டு விற்று, வந்ததை அப்படியே ஒப்படைத்த சகோதரிகள், பக்கங்களை ஒரு காசு வாங்காமல் வடிவமைத்த தம்பிகள், பேத்தியைப் பார்க்க வந்த இடத்தில் கைச்செலவுக்கு வைத்திருந்த நூறு டாலரைத் தந்துவிட்டுப் போன மதுரைப் பாட்டி, எல்லாருக்கும் குழுவின் கைகூப்பிய நன்றி. எழுத்துப் பிழை பார்த்துத் தந்த ஆசிரியைகளுக்கும் அப்படியே.

ஒன்றை உரிமையோடு சொல்கிறோம். ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் என்றால் கேட்காமலே ஐநூறு அனுப்புகிற கைகள் நம்முடையவை. நமக்குச் சோறு போடும் மண்ணுக்கும் ஒரு கடன் உண்டல்லவா? சித்திரைக் கூட்டத்தில் தருவதாகக் கையுயர்த்திய சிலரிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. சபையில் கொடுத்த வாக்கு. தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

பத்து டாலரானாலும் சரி. ஞாயிறு காலை தமிழ்ப் பள்ளி வாசலில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். நூறும் அதற்கு மேலும் தருவோர் பெயர் நூலின் கடைசிப் பக்கத்தில் வரும். பெயர்களை ஜூன் 15க்குள் தந்தால்தான் சேர்க்க முடியும்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர்