குடியிருப்புச் சீரமைப்புப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழு ஒப்புதல் தந்த பணிகள் முடிந்துவிட்டன. வரவு செலவுக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது. வந்ததும் தனியே சுற்றுக்கு விடுவோம்.

பழைய சமூகக்கூடத்தை ஏன் இடிக்கவில்லை என்றுதான் பலரும் கேட்கிறார்கள். தூண்களும் அடித்தளமும் உறுதியாக இருப்பதாகக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கொடுத்த பிறகு, இடிப்பதற்குப் புதுமோகத்தைத் தவிர வேறு காரணம் மிஞ்சவில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பில் வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளின் புகை அல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கிளம்புவது. நிற்கிற கட்டடத்தைத் தகர்த்துவிட்டுப் புதியதன் மேல் சூரியத் தகடு பதிப்பதைப் பசுமை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கூடத்துக்கு எதிரெதிர் ஜன்னல்கள் வைத்து, மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறோம்.

இடித்தே தீரவேண்டியிருந்த மதிலின் உடைசலையும் வெளியே அனுப்பவில்லை. கம்பியைப் பிரித்தெடுத்து, மீதியைப் பொடித்துச் சலித்து நடைபாதைக்கு அடியில் போட்டாயிற்று.

அடுத்தது மழைநீர். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,000 லிட்டர். இதுவரை தெருவில் ஓடிய இந்த நீர், இனி முதல் மழையின் அழுக்கைத் தனிக்குழாயில் கழித்துவிட்டு, மணல் வடிகட்டி வழியாகத் தொட்டிக்குப் போகும். நிரம்பி வழிவது உறிஞ்சுகுழிக்கு. வண்டி நிறுத்துமிடத்தில் கற்களுக்கிடையே சந்து விட்டு, அதில் பொடிஜல்லி நிரப்பியிருக்கிறோம். வேலை முடியும் தறுவாயில் கொத்தனார் ஒருவர், அரைகுறையாகத் தெரிகிறதே என்று நல்லெண்ணத்தோடு சந்துகளைக் கலவையால் பூசத் தொடங்கினார். காய்வதற்குள் கீறி எடுக்கச் சொன்னோம். அந்தச் சந்து வழியாகத்தான் நீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

மரங்களைச் சுற்றியிருந்த சிமெண்ட் மேடைகளை உடைத்ததில் சிலருக்கு வருத்தம். வேருக்கு நீரும் காற்றும் வேண்டுமே. உட்கார பெஞ்சுகளைச் சற்றுத் தள்ளிப் போட்டிருக்கிறோம். நிழல் அங்கும் விழுகிறது.

வடிகட்டி மணலை மழைக்காலத்துக்கு முன் கழுவவும், கல்சந்துகளில் படியும் மண்ணை எடுக்கவும் பராமரிப்பு நிதியில் தனி ஒதுக்கீடு தேவை. அதற்கான தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வருகிறது. அதுவரை வண்டி நிறுத்துமிடத்தில் மணல் குவிப்பதோ கலவை குழைப்பதோ கூடாது. வீட்டில் வேலை நடத்துவோர் ஆட்களிடம் சொல்லிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சீரமைப்புக் குழு