மூன்று நாள் கூட்டமும் ஒரு கோயில் அண்டாவும்: ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், எங்கள் ஊர்க்காரர் எல்லாருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

அழகர் ஆற்றில் இறங்கிய அடுத்த வாரம் எங்கள் பாப்டிஸ்டு சபையில் நடந்த மூன்று நாள் எழுப்புதல் கூட்டம், அதாவது தூங்கிப்போன விசுவாசத்தை எழுப்பிவிடுகிற கூட்டம், முடிந்தது. உதவியவர்களுக்கு ஞாயிறு ஆராதனையிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் உதவியவர்களில் பாதிப் பேர் ஆராதனைக்கு வருகிறவர்களே இல்லை, அதனால்தான் இந்த மடல். பெயர் ஒன்றும் போடவில்லை. ஒரு பெயரைப் போட்டு இன்னொன்றை விட்டுவிட்டால் அந்தக் கோபம் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும் என்பது எனக்கு அனுபவம். சோழவந்தான் பக்கத்தில் இன்னார் என்று சொல்லாமலே தெரிந்துகொள்வார்கள்.

முதல் நன்றி எங்கள் பொருளாளர் அக்காவுக்கு. பிப்ரவரி சபைக் கூட்டத்தில் நான் திட்டத்தை வைத்தபோது, மெயின் ரோட்டில் பத்துக்கு எட்டு பிளெக்ஸ் ஒன்றும் கேட்டிருந்தேன். தேவ செய்தி கொடுக்க, அதாவது பிரசங்கிக்க, வருகிற ஐயாவின் படம் பெரிதாக, பக்கத்தில் கொஞ்சம் சின்னதாக என் படம். அக்கா எழுந்து, "தூங்குறவன் பிளெக்ஸைப் பாத்தா எந்திரிக்கப் போறான், பாஸ்டர்?" என்றார். கை தூக்கச் சொன்னோம். பிளெக்ஸ் தோற்றது. நீங்கள் பெந்தெகொஸ்தேயா, சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையா என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் உதாரணமாகச் சொல்வது வழக்கம். எங்களுக்கு மேலே பேராயர் கிடையாது, சபைக் கூட்டத்தில் போதகருக்கும் ஒரே கைதான். 1609-ல் நாட்டை விட்டுப் போன ஆங்கிலேயர் சிலர் ஆம்ஸ்டர்டாமில் கூடி, விசுவாசித்துத் தானாக வருகிறவருக்கே ஞானஸ்நானம், குழந்தைக்கு இல்லை என்று ஆரம்பித்த வழி இது. மேடையில் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, அன்று ராத்திரி பிளெக்ஸுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தவனும் நான்தான். அந்தக் காசில் இரண்டு மூட்டை அரிசி வாங்கினோம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டம் சபைக்கு வேண்டும் என்று நான் சொன்னேனே தவிர, வேண்டியிருந்தது எனக்குத்தான். ஒரு வருஷமாகவே பிரசங்கம் வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான். ஜெபத்தில் முழங்கால் போட்டால் மனசு பால் கணக்குக்கும் பையனின் காலேஜ் பீஸுக்கும் போய்விடும். 1860-ல் இங்கிருந்து தென்மேற்கே மலையடிவாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில், அருளப்பன் ஐயாவின் சபையில் ஜனங்கள் அழுது பாவ அறிக்கை செய்த எழுப்புதலை எத்தனை தடவை பிரசங்கத்தில் சொல்லியிருப்பேன்! சொல்லிச் சொல்லி எனக்கே அது பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதை மாதிரி ஆகிவிட்டது.

சரி, அண்டாவுக்கு வருகிறேன். மூன்று நாள் சாப்பாட்டுக்குப் பெரிய பாத்திரம் வேண்டும். வாடகைக்குக் கேட்டால் கல்யாண சீசன், எங்கும் இல்லை. ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர் அண்ணன்தான், நான் கேட்காமலே, "எங்க அண்டா சும்மாதான கிடக்கு, எடுத்துட்டுப் போங்க பாஸ்டர்" என்றார். விளிம்பில் "உபயம்" என்று எழுத்துப் பொறித்த பித்தளை அண்டா. நாலு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். நான் மரியாதையாக, "இதுல கவுச்சி எதுவும் சமைக்க மாட்டோம்ணே, சாம்பாரும் பாயசமும் மட்டும்தான்" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அது கிடா வெட்டுக்கே வாங்குன அண்டா, பாஸ்டர்!"

கோயில் அண்டாவில் சமைத்ததைச் சாப்பிடுவதா என்று சபைக்குள்ளேயே முணுமுணுப்பு வந்தது. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை முழுக்கப் பேசினோம். கடைசியில் பெரும்பாலானோர் சாப்பிட்டார்கள். ஒரு சகோதரி மட்டும் மூன்று நாளும் வாழைப்பழமும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர் சாதமும்தான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த அதிகாரத்தில் பவுலும் சொல்லவில்லை. அவருக்குத் தனி இலை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட சமையல் கூட்டத்து அக்காமாருக்கும் இதிலேயே நன்றி.

உட்காரப் பாய் கொடுத்தது பக்கத்து சி.எஸ்.ஐ. சபை. இந்தப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகள் பலவும் 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் வழி வந்தவை. 1947-ல் பல சபைப் பிரிவுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது பாப்டிஸ்டுகள் சேரவில்லை. ஞானஸ்நானத்துக்கு எவ்வளவு தண்ணீர், யாருக்கு என்பதில் இன்றைக்கும் எங்களுக்குள் பேச்சு உண்டு. பாய்க் கட்டை வண்டியில் ஏற்றிவிட்ட ஆயர் ஐயா, "தண்ணிதான் வேற வேற, பாய் ஒண்ணுதானே" என்றார். எட்டுப் பாய் நனைந்துவிட்டது ஐயா, காயப்போட்டு வைத்திருக்கிறோம்.

நனைந்த கதை இதுதான். வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். ஆனால் வாடகைக்கு எடுத்த மைக் செட் கரகரத்துக்கொண்டே இருந்தது. அந்தக் கடைக்காரரோடு நடந்த பேச்சு இந்த மடலுக்கு வேண்டாம். சனிக்கிழமை ஏழரை மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. முதலில் காற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் உருண்டு போயின. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போது ஓடிவந்து கம்புகளைப் பிடித்தவர்கள் யார் தெரியுமா? தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து நாங்கள் அல்லேலூயா சொன்னால் கூடவே ராகம் போடுகிற அந்தப் பையன்கள். தம்பிகளா, அன்றைக்கு நீங்கள் பிடிக்காவிட்டால் பந்தல் குழந்தைகள் மேல் விழுந்திருக்கும். இனிமேல் நீங்கள் ராகம் போட்டாலும் நான் முறைக்க மாட்டேன். முயற்சி செய்கிறேன்.

கரண்ட் போய்விட்டது. நாற்பது பேர் உட்காரும் எங்கள் ஜெப வீட்டுக்குள் நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்து நின்றோம். செய்தி கொடுக்க வந்த ஐயாவின் குறிப்புத் தாள்கள் கூழாகிவிட்டன. அவரும், "இன்னைக்கு நான் பேசல, பாடலாம்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். இப்படிச் சொல்லுகிற பிரசங்கியார் கிடைப்பது அபூர்வம். பாட்டு ஆரம்பித்தோம். திரையில் வரி ஓடாமல் எங்கள் வாலிபர்களுக்கு இரண்டாம் சரணம் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பின்வரிசைப் பாட்டிமார் விடவில்லை. கீபோர்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, பழைய கீர்த்தனையின் ஏழு சரணத்தையும் கைத்தாளம் போட்டே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பாட்டு முடிந்ததும் அரிக்கேன் விளக்கோடு வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், "ஒரு சாட்சி சொல்லலாமா?" என்றார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சபையின் முன்னாள் உதவிக்காரர், எழுபத்தாறு வயது. வாராவாரம் எழுந்து ஒரே சாட்சியை, கர்த்தர் தன் வாழ்க்கையில் செய்ததை, சொல்வார். பதினான்கு மாதத்துக்கு முன்னால் நான் சாட்சிக்கு மூன்று நிமிஷம் என்று வைத்து, மேஜையில் ஒரு மணியும் வைத்தேன். அவருக்கு இரண்டு தடவை அடித்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து அவர் வரவில்லை. வீடு சபைக்கு அடுத்த தெருவில்தான். தெருவில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். நான் போய்க் கூப்பிடவில்லை. வயசானவர், வருவார் என்று இருந்துவிட்டேன்.

சாட்சி எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அவருக்கு இருபத்தெட்டு வயதில் கிணற்று மோட்டார் திருடு போனது. எடுத்தவன் யார் என்று தெரியும். அரிவாளைச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு ராத்திரி கிளம்பினார். வழியில் ஓலைக் கொட்டகையில் ஜெபக் கூட்டம். தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "முதுக வளைக்க முடியாதுல்ல, பெரிய பக்திமான் மாதிரி நிமிந்தே உக்காந்திருந்தேன்" என்பார், எல்லாரும் சிரிப்போம். அந்த இடத்தில்தான் நான் மணி அடிப்பது. சனிக்கிழமை மணி என் கையில் இல்லை.

"அன்னைக்கு வெட்டப் போகல" என்று தொடர்ந்தார். "ஆனா அருவாளத் தூக்கியும் போடல. நாப்பத்தெட்டு வருசமா பரண்லதான் இருக்கு. அவன் செத்தே பத்து வருசமாச்சு. அவன் வீட்டுத் தெரு வழியா நான் இன்னும் போறதில்ல, சுத்தித்தான் போறேன். இதச் சொல்லத்தான் வாராவாரம் எந்திரிக்கிறது. சொல்லி முடிக்க நேரம் பத்தல."

உட்கார்ந்துவிட்டார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஓட்டு மேல் மழைச் சத்தம் மட்டும். அப்புறம் ஒருத்தர் மெல்ல ஜெபிக்க ஆரம்பித்தார், இன்னொருத்தர், இன்னொருத்தர். யார் யார் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது. என்னுடையதை எழுதலாம். மைக் இல்லாததால் பத்து மணிக் கட்டுப்பாடும் இல்லை. எல்லாரும் போக மணி பதினொன்று ஆனது. மழையில் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அண்ணன் அப்போதுதான் கரண்ட் கொடுத்தார் (அண்ணே, உங்களுக்கும் நன்றி). நான் பெரியவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். "அந்த மணி வச்சது என் தப்பு, ஐயா" என்றேன். "மணி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். டிராயரில் என்றேன். "ஞாயிறு பள்ளி டீச்சருக்குக் குடுங்க. பிள்ளைக ரொம்பச் சத்தம் போடுதுக" என்றார். அன்று ராத்திரி நான் செய்த ஜெபத்தில் பால் கணக்கு வரவில்லை.

ஞாயிறு விடிகாலை ஞானஸ்நானம். பெரியாறு கால்வாயில் ஜூன் வாக்கில்தான் தண்ணீர் விடுவார்கள். வைகையில் அழகருக்காகத் திறந்துவிட்ட தண்ணீரும் ஓடி முடிந்து, மழைக்கு அங்கங்கே குட்டைதான். எங்களுக்கோ முழுக்கு ஞானஸ்நானம். பம்புசெட் தொட்டி கொடுத்த அண்ணன் சபைக்காரர் இல்லை. "முழுசா முங்கணுமா, தல நனஞ்சாப் போதுமா?" என்று கேட்டார். முழுசா என்றேன். "அப்ப இன்னும் ஒரு சாண் விடணும்" என்று கணக்குப் போட்டு, த்ரீ ஃபேஸ் கரண்ட் வருகிற நேரம் பார்த்து முழித்திருந்து மோட்டார் போட்டார். அதற்கு முந்தின நாளே தேங்காய் நார் வைத்துப் பாசியைத் தேய்த்து எடுத்திருக்கிறார். கால் வழுக்காமல் இருக்க அடியில் உரச் சாக்கு விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார். தொட்டிக்குள் இறங்கிப் பாதத்தில் அந்தச் சாக்கின் சொரசொரப்புப் பட்டபோதுதான் எனக்கே தெரியும்.

இறங்கியது இரண்டே பேர். சபையிலேயே வளர்ந்த ஒரு கல்லூரி மாணவர், பதினோரு வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கொடிக்கால் வேலை பார்க்கும் ஒரு அம்மா. அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். அண்ணனின் தாயார் தொட்டி ஓரத்தில் நின்று, "நான் துண்டோட நிக்கிறேன், இறங்கு தாயி" என்று சொன்ன பிறகுதான் கால் வைத்தார். மூன்று நாள் கூட்டம் போட்டும் இரண்டு பேர்தானா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். முன்பு நானும் அப்படித்தான் எண்ணுவேன். பாப்டிஸ்டு மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்தில் வந்து இறங்கினார். 1800 டிசம்பர் 28 அன்று, செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் தச்சர் கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்வரை ஏழு வருஷம் ஆனது. அன்றும் ஆற்றில் இறங்கியது இரண்டே பேர், இன்னொருவர் கேரியின் சொந்த மகன். கேட்டவருக்கு இதைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பந்தி! நெகேமியா எட்டாம் அதிகாரத்தில், நியாயப்பிரமாணம் வாசிக்கக் கேட்டு ஜனங்கள் அழும்போது, அழாதீர்கள், போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். மதுரைக்காரனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைத்த அக்காமாரே, புகையில் உங்கள் கண் சிவந்ததைப் பார்த்துவிட்டு, எழுப்புதலில் அழுதீர்களோ என்று கேட்டேன். என்னைக் கரண்டியோடு துரத்தாமல் விட்டதற்கு நன்றி. டீக்கடைக்கும், பம்புசெட் வீட்டுக்கும், கோயில் கமிட்டிக்கும் பாயசம் தூக்கிக்கொண்டு ஓடிய ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும்.

பெரியவரும் வந்தார். சுற்று வழியாக இல்லை, அந்தத் தெரு வழியாகவே. கையில் அந்த அரிவாள், காலையிலேயே சாணை பிடித்து. மதுரை என்றாலே சினிமாக்காரர்களுக்கு அரிவாள்தான், அதிலும் எழுபத்தாறு வயதுக் கிழவர் விறுவிறுவென்று வருகிறார். செத்துப்போனவர் வீட்டு மருமகள் பயந்து கதவைச் சாத்தியிருக்கிறார். இவர் நேராக இங்கே வந்து, காணிக்கையாக வந்திருந்த இளநீர்க் குலைகளை எதிரில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சீவிக் கொடுக்க ஆரம்பித்தார். ஈட்டிகளை அரிவாள்களாக அடிப்பார்கள் என்று சொன்ன ஏசாயா தீர்க்கதரிசியை இழுக்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு வரிசையில் நின்று ஒன்று வாங்கிக் குடித்தேன். கடைசியில் இரண்டு இளநீரை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனார். கதவு திறந்ததா என்று கேட்டேன். "ஜன்னல் திறந்துச்சு" என்றார்.

வரவு செலவுக் கணக்கை அக்கா அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார், யாரும் பார்க்கலாம். ஒரு ஜோடி பெண்கள் செருப்பு, டிபன் கேரியர் மூடி ஒன்று, மூக்குக் கண்ணாடி ஒன்று போதகர் வீட்டில் இருக்கின்றன. அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துச் செவ்வாய்க்கிழமை கோயிலில் சேர்த்தாயிற்று. ஆனால் அதோடு வந்த பெரிய கரண்டி ஒன்று குறைகிறது, கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். யார் வீட்டிலாவது இருந்தால் ஞாயிற்றுக்குள் கொண்டுவந்து கொடுங்கள். அவர்களுக்குப் பொங்கல் வைக்கிற நாள் வருகிறது.

கர்த்தருக்குள் உங்கள் போதகன்.